பின்னே நிற்பவன்

(அறுகம்பேயில், உதைபந்தாட்டப் பருவம் தொடங்குவதற்கு முந்திய மாலை, இளைஞர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இந்தக் கழகத்துத் தம்பிமார் கல்முனைக்கு என் வீடு தேடி வந்து, பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் விளையாட்டைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டபோது, உதைபந்தாட்டத்தைப் பற்றியோ, கிரிக்கெட்டைப் பற்றியோ, அல்லது இந்த உல்லைக் கடலின் அலைமுதுகில் பலகையேறிச் செல்லும் அழகிய வித்தையைப் பற்றியோ நான் பேசுவேன் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ, தண்ணீர் ஒருநாளும் உறையாத இந்தக் கரையில் ஆடவே முடியாத, கனடியரின் ஐஸ் ஹொக்கி என்ற ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்திலும், கோல் போட்டுக் கீர்த்தி சம்பாதித்தவர்களை விட்டுவிட்டு, கோல் விழாமல் காப்பதையே தம் தொழிலாகக் கொண்ட ஒருவருடைய சரித்திரம். இந்தத் தெரிவுக்குக் காரணம் சொல்வதற்கு, ஐஸையும் கனடாவையும் சற்று நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு, இங்கிருந்து மேற்கே சில மைல் தூரத்திலுள்ள ஒரு வயலுக்கு முதலில் உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினொரு வயதிருக்கும். லாகுகலைக் காட்டோரத்தில் வாப்பாவுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. கதிர் பழுத்து, இன்னும் சில நாளில் வெட்டு என்ற நிலையில், யானைக்குப் பயந்து இரவெல்லாம் பரணில் காவல் இருப்பது வழக்கம். அந்த வருஷம் முதன்முறையாக என்னையும் கூட்டிச் சென்றார். பரணின் கீழே ஒரு கட்டைத் தீ. மேலே ஒரு சாக்கு, ஒரு போத்தல் தேநீர், ஒரு பழைய தகரம், அதை அடிக்க ஒரு கம்பு. நடுச்சாமம் கழிந்தபின் காட்டோரத்தில் கொப்பு முறியும் ஓசை கேட்டது. வாப்பா என்னை எழுப்பவில்லை, நானாகத்தான் விழித்தேன். தகரத்தை ஓங்கி அடித்தார்; அடிவயிற்றிலிருந்து கூவினார்; கொள்ளியை எடுத்துக்கொண்டு வரம்பு நெடுக ஓடினார்; திரும்பி வந்து மறுபடியும் அடித்தார். விடியும்வரை நாலு தடவையோ ஐந்து தடவையோ இப்படியே நடந்தது. கீழ்வானம் வெளுத்தபோது வயலில் ஒரு கதிரும் சாய்ந்திருக்கவில்லை. சுபஹுத் தொழுகைக்காக வாய்க்காலில் வுளூச் செய்துகொண்டிருந்தவரைப் பக்கத்து வயற்காரர் பார்த்து, “என்ன காக்கா, ராவைக்கு ஒண்டும் நடக்கல்ல போல, நல்ல நித்திரையா?” என்று கேட்டார். “ஓம் தம்பி, ஒண்டும் நடக்கல்ல” என்று வாப்பா சிரித்தார். அவருடைய குரல் அடைத்துப் போயிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிதருடைய முழு இரவும் அடங்கிக் கிடந்தது என்பதை அன்று நான் அறியவில்லை. விதைத்தவனுடைய உழைப்பைப் பயிர் காட்டும். வெட்டியவனுடைய உழைப்பைச் சூட்டுக் களம் காட்டும். காத்தவனுடைய உழைப்புக்குக் காட்டத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. நேராத தீங்கை யார் எண்ணுவார்கள்? எந்தக் கணக்குப் புத்தகத்தில் அதை எழுதுவார்கள்? இந்தக் கேள்வி வெகுகாலம் என் மனத்தில் கிடந்தது. அதற்கு ஒரு பதில் எனக்குக் கிடைத்த இடம், ஆச்சரியமாக, பல்லாயிரம் மைலுக்கு அப்பால், மூச்சு விட்டால் புகையாகத் தெரியும் குளிரில் இருந்த ஓர் ஆட்டக்களம்.

சில வருஷங்களுக்கு முன், டொரொன்டோ நகரத்தின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கும் மருமகன் வீட்டில் ஒரு மார்கழியைக் கழித்தேன். அவருடைய மகன், பத்து வயதுப் பையன், விடியற்காலை ஆறு மணிக்கு ஐஸ் ஹொக்கிப் பயிற்சிக்குப் போகிறவன். நானும் கூடப் போனேன். இரும்பு அலகு ஐஸைக் கீறும் ஓசையும், தடியில் இறப்பர் மோதும் ஓசையும், அந்த வெறும் மண்டபத்தில் எதிரொலித்துக்கொண்டிருந்தன. எல்லாப் பிள்ளைகளும் முன்னே பாய, இவன் மட்டும் தன் கோலுக்கு முன்னால் இப்படியும் அப்படியுமாக நின்றுகொண்டே இருந்தான். வீடு திரும்பும்போது, “நீ ஏன் மகன் ஒரு கோல் அடிக்கப் போகல்ல?” என்று கேட்டேன். “நானும் போனா பின்னுக்கு ஆர் நிக்கிற?” என்றான். உம்மா வாப்பாவிடம் கற்ற நம்முடைய பேச்சில், நம்முடைய பரணின் தத்துவத்தை, அந்தக் குழந்தை சொல்லிவிட்டது. அன்று மாலை அவனுடைய அறைச் சுவரில் ஒரு படத்தைக் காட்டினான்: நீல உடை, 21 என்ற இலக்கம், கூர்மையான முகம். அந்த மனிதருடைய பெயர் பொர்யே சால்மிங்.

அவருடைய கதைக்குள் புகுமுன், ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள உறைந்த தளம். சுற்றிலும் மதில்போல் பலகை. அணிக்கு ஆறு பேர், அவர்களில் ஒருவர் கோல் காப்பாளர், இருவர் பின்காவலர், மூவர் முன்னணி வீரர். பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள, பக் என்று பெயர்பெற்ற இறப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதையும் உறைய வைக்கிறார்கள். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். வேகம் அத்தனை உக்கிரமானதால், முக்கால் நிமிடமளவில் ஒரு கூட்டம் களைத்து வெளியேற, மறு கூட்டம் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வரும்.

இதில் பின்காவலருடைய வித்தை, முதலாவதாக, பின்னோக்கி ஓடும் வித்தை. எதிரி முழு வேகத்தில் முகத்துக்கு நேரே வருகிறான். அவனுக்கு முதுகு காட்டாமல், அதே வேகத்தில் பின்னால் வழுக்கிக்கொண்டே, அவனுக்கும் தனக்கும் இடையே உள்ள தூரம் கூடாமலும் குறையாமலும் காத்து, நடுவழியை அடைத்து, பலகையோரத்துக்கு அவனை ஒதுக்கிக் கொண்டுபோய், அங்கே தோளால் நெருக்கி, பக்கைப் பிரித்தெடுத்து, தன் அணியின் முன்னணி வீரனுடைய தடியைத் தேடி அனுப்ப வேண்டும். இவ்வளவும் சில நொடிகளுக்குள். எதிரி தூரத்திலிருந்து அடிக்கத் தடியை ஓங்கினால், இன்னும் கடினமான கடமை ஒன்று உண்டு: மணிக்கு 100 மைல் வேகத்தையும் எட்டக்கூடிய அந்த உறைந்த இறப்பருக்கு முன்னால், முழங்காலிட்டோ நெடுஞ்சாண்கிடையாகவோ, தன் உடம்பையே வேலியாகப் போடுவது. சால்மிங் இந்தக் காரியத்தில் பிரசித்தி பெற்றவர்.

அவர் பிறந்தது 1951 ஏப்ரல் 17இல், சுவீடன் தேசத்தின் வடகோடியில், துருவ வட்டத்துக்கும் அப்பாலுள்ள கிருனாப் பிரதேசத்தில். அது இரும்புச் சுரங்கங்களின் நாடு. கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் நாடு. தகப்பனார் வழியில் சால்மிங்கும் அந்தச் சாமி வமிசத்தைச் சேர்ந்தவர். பொர்யேக்கு ஐந்து வயதானபோது, சுரங்கத்தில் வேலை செய்த தகப்பனார் விபத்தில் இறந்துபோனார். அதன்பின், தாயாருடைய பராமரிப்பிலும், மூத்த சகோதரர் ஸ்டீக் காட்டிய வழியிலும் அவர் வளர்ந்தார். ஹொக்கித் தடியையும் அண்ணனைப் பார்த்தே பிடித்தார். பின்னர் யேவ்லே நகரத்தின் பிரூனாஸ் அணியில் சேர்ந்து, 1971, 1972 ஆகிய இரு வருஷங்களிலும் தேசிய வெற்றிக்கிண்ணத்தைப் பெற்ற அணியில் பங்குகொண்டார்.

அக்காலத்தில் வட அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கம், அதாவது என்.எச்.எல்., ஏறக்குறைய முழுவதும் கனடியருடைய சொத்தாகவே இருந்தது. ஐரோப்பியர் அழகாக ஓடுவார்கள், ஆனால் அடிக்குத் தாங்கமாட்டார்கள் என்பது அங்கே ஊறிப்போன அபிப்பிராயம். அந்த நிலையில், டொரொன்டோ மேப்பிள் லீப்ஸ் அணிக்காக ஆள் தேடிச் சுவீடனுக்குச் சென்ற ஜெரி மக்னமாரா என்பவர், சால்மிங் ஆடுவதைக் கண்டார். அன்றைய ஆட்டத்தில் சால்மிங் கோபங்கொண்டு நடுவரோடு மோதி, களத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மக்னமாரா அவரைத் தொடர்ந்து சென்று, டொரொன்டோவுக்கு வந்து ஆட விருப்பமா என்று கேட்டார். 1973இல், சக வீரரான இங்கெ ஹமர்ஸ்ட்ரோமுடன், இருபத்திரண்டு வயதில் சால்மிங் கனடா வந்து சேர்ந்தார்.

வரவேற்பு எப்படி இருந்தது தெரியுமா? அவர் ஆடிய இரண்டாவது ஆட்டம், பிலடெல்பியா அணியோடு. அடிதடியினாலேயே பெயர் பெற்ற அணி அது. தடியால் குத்தினார்கள், பலகையில் வைத்து நசுக்கினார்கள், சண்டைக்கு இழுத்தார்கள், “கோழைச் சுவீடன்காரன்” என்று பரிகசித்தார்கள். அவர் எங்கே போனாலும் அந்த வசை அவருக்கு முன்னே போயிற்று. பாஷை தெரியாத ஊரில், பழகாத உணவில், உதவிக்கு வர உறவினர் இல்லாத நிலையில், ஒரு மனிதன் இத்தகைய அவமானத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அவர் தேர்ந்துகொண்ட பதில் ஒன்றுதான்: அடித்தால் விழுவது, விழுந்தால் எழுவது, எழுந்ததும் மறுபடியும் தன் இடத்தில் போய் நிற்பது. அந்த இடத்தைவிட்டு அவரை அசைக்க முடியவில்லை என்பதை எதிரிகள் உணரச் சில மாதங்கள் சென்றன. உணர்ந்தபின், ஐரோப்பியர் தாங்கமாட்டார்கள் என்ற பேச்சு மெள்ள மெள்ள அடங்கத் தொடங்கிற்று. இன்று அந்தச் சங்கத்தில் சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் தேசங்களின் வீரர்கள் நிறைந்திருக்கிறார்களென்றால், அந்தக் கதவை அடிவாங்கித் திறந்தவர்களில் முன்னின்றவர் இந்தப் பின்னே நிற்பவர்.

1975 தொடக்கம் 1980 வரை, தொடர்ச்சியாக ஆறு வருஷங்கள், அந்தச் சங்கத்தின் சிறந்த வீரர்களைக் கொண்டு தெரிவுசெய்யப்படும் முதலாம் அல்லது இரண்டாம் அணியில் அவருக்கு ஸ்தானம் கிடைத்தது. டொரொன்டோவுக்காக 16 பருவங்களில் அவர் ஆடிய ஆட்டங்கள் 1,099. அவர் போட்ட கோல்கள் 148 மட்டுமே. ஆனால் பிறர் கோல் போடுவதற்கு வழி செய்து கொடுத்தவை 620. இத்தனை பெரிய கழகத்தின் சரித்திரத்தில் இந்தக் கணக்கில் அவரை மிஞ்சியவர் இல்லை. தம்பிமாரே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தான் அடித்தது ஒன்றென்றால், பிறரை அடிக்கச் செய்தது நான்குக்கு மேல். அவ்வாட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: ஒருவர் தளத்தில் நிற்கையில் அவருடைய அணி போட்ட கோல்களிலிருந்து, வாங்கிய கோல்களைக் கழித்து எழுதுவது. சால்மிங்குடைய வாழ்நாள் மிகுதி 175. வாப்பாவின் பரணுக்கு இல்லாத கணக்குப் புத்தகம் இதுதான் என்று, முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குத் தோன்றிற்று. அதுவும் பூரணமான கணக்கு அல்ல; அவர் மறித்த அடிகளில் எத்தனை கோலாகியிருக்கும் என்பதை எந்த எழுத்தரும் எழுத முடியாது. ஆயினும், காத்தவனையும் எண்ண வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருக்கிறது.

பின்காவலருடைய கலையைப் பற்றிப் பேசும்போது பொபி ஓரைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. பொஸ்டன் அணியின் அந்தக் கனடியர், பின்னாலிருந்தே புறப்பட்டு முழுத் தளத்தையும் கடந்து சென்று தாக்கும் முறையை உலகுக்குக் காட்டி, 1970இலும் 1975இலும் சங்கம் முழுவதிலும் அதிகப் புள்ளி பெற்றவராக விளங்கினார். பின்காவலர் எவரும் அதற்கு முன்னும் பின்னும் செய்யாத சாதனை அது. ஆனால் அவருடைய முழங்கால்கள் முப்பது வயதிலேயே அவரை ஓய்வு பெற வைத்துவிட்டன. ஓருடைய மேதை மின்னல் போன்றது. சால்மிங்குடைய பெருமையோ, இரவு முழுவதும் எரிந்த கட்டைத் தீயின் பெருமை. வெற்றிக்கிண்ணம் ஒன்றும் இல்லாமல், அணி மெலிந்து தோற்றுக்கொண்டே இருந்த வருஷங்களிலும், அவர் அந்த இடத்தில் நின்றார். அந்தச் சங்கத்தின் உன்னத பரிசான ஸ்டான்லிக் கிண்ணத்தை அவர் ஒருநாளும் கையில் ஏந்தியதில்லை.

அவர் குறையற்ற மனிதர் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. முன்னொரு காலத்தில் போதைப்பொருளைத் தொட்டதுண்டு என்று 1986இல் அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அதற்கான தண்டனையாக எட்டு ஆட்டங்கள் விலக்கி வைக்கப்பட்டார். தண்டனையை ஏற்று, முடித்து, திரும்பி வந்து ஆடினார். அதே வருஷம் நவம்பர் 26ஆந் திகதி, கோலுக்கு முன்னால் நடந்த ஒரு நெருக்கத்தில் கீழே விழுந்தவருடைய முகத்தின்மேல் எதிரணி வீரர் ஒருவருடைய சப்பாத்தின் அலகு பாய்ந்துவிட்டது. நெற்றியிலிருந்து வாய்வரை பிளந்த அந்தக் காயத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட தையல் போட்டார்கள். ஆறியதும் மறுபடியும் தன் இடத்தில் வந்து நின்றார்.

அந்த 1986ஆம் வருஷத்தை நம்மவர்கள் மறக்க மாட்டார்கள். ஓகஸ்ட் 11ஆந் திகதி, யுத்தத்துக்குத் தப்பி ஓடிய நம் சகோதரத் தமிழ் மக்கள் 155 பேர், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது, அவர்களைக் கண்டு ஏற்றிக் கரைசேர்த்தவர்கள் அவ்வூர் மீனவர்கள். அதற்கு முன்னும் பின்னுமாக இந்நாட்டிலிருந்து சென்று டொரொன்டோவில் குடியேறிய பல்லாயிரம் குடும்பங்கள், பாஷை தெரியாமல், குளிருக்கு உடை இல்லாமல், இரவு வேலை செய்து, வசைகளையும் கேட்டு, விழுந்து விழுந்து எழுந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நீல உடை தரித்து லீப்ஸ் அணிக்காகக் கத்துகிறார்கள். சுவீடன்காரருடைய படம் என் பேரனின் சுவரில் தொங்குவது தற்செயல் அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் உருக்கிய இரு காட்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது 1976ஆம் வருஷத்துச் செப்டெம்பர். தேசங்களுக்கிடையிலான கனடாக் கிண்ணப் போட்டிக்காக, சால்மிங் சுவீடனுடைய மஞ்சள் உடையில் டொரொன்டோ அரங்குக்குள் வந்தார். அங்கே அவர் அன்னிய அணியின் வீரர். பெயர் ஒலித்ததும், மூன்று வருஷங்களுக்கு முன் அவர் இந்த நாட்டில் நிலைப்பாரா என்று சந்தேகித்த அந்த ஊர் மக்கள் எழுந்து நின்றார்கள்; கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. யோசித்துப் பாருங்கள்: அந்த மூன்று வருஷங்களில் அந்தச் சனங்கள் எதைக் கண்டிருந்தார்கள்? அவர் மறித்த அடிகளை, அவர் அடைத்த வழிகளை, விழாத கோல்களை. அதாவது, நடக்காததைக் காணும் கண் அந்த ஊருக்கு வாய்த்திருந்தது. வீரர் தம் வித்தையைக் கற்பது ஒரு பாதி. அதைப் பார்க்க ஊர் கற்றுக்கொள்வது மறு பாதி.

இரண்டாவது 2022ஆம் வருஷத்து நவம்பர். இதற்குள், 1992இல் நாற்பது வயதில் தம் தேசத்துக்காக ஒலிம்பிக்கில் ஆடி, 1993இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, 1996இல் ஹொக்கிக் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்ற முதலாவது சுவீடன் நாட்டவராகி, தம்முடைய 21ஆம் இலக்கத்தை வேறு எவரும் அணியாதபடி கழகம் ஒதுக்கிவைக்கும் கௌரவத்தையும் பெற்றிருந்த சால்மிங்கை, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் தீராத நோய் ஒன்று பற்றிக்கொண்டது. அந்தக் கோடையில் நோய் தெரியவந்தது, மாரி வருமுன் பேச்சுப் போய்விட்டது, கைகளும் சோர்ந்துவிட்டன. அந்த நிலையிலும் அவர் சமுத்திரம் கடந்து டொரொன்டோவுக்கு வந்தார். அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. பழைய தலைவரும் தோழருமான டரில் சிட்லர், கண்ணீரோடு, தம் தோழருடைய கையைப் பிடித்து உயர்த்தி, சனங்களுக்குக் காட்டினார். மறுநாள் 12ஆந் திகதி ஆட்டத்தில், கழகம் முதலில் தளத்தில் இறக்கிய ஆறு பேரும் சுவீடன் நாட்டவர்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு சுவீடன்காரன் நிற்க முடியுமா என்று கேட்டார்கள். அன்று அந்த அணியே அவருடைய நாட்டவர்களாய் அவர் முன்னால் நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து, 24ஆந் திகதி, எழுபத்தோராவது வயதில் அவர் காலமானார்.

சகோதரர்களே, காவலின் அருமையை இந்தக் கரைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின், மணல்மேடு ஒன்று என்ன, களப்போரத்துக் கண்ணாமரக் காடு ஒன்று என்ன என்பதை நாம் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். அதற்கு முன்னும் அவை அங்கேதான் நின்றன. ஒவ்வொரு மாரியிலும் கடலை மறித்துக்கொண்டுதான் நின்றன. நாம்தான், வீடு கட்ட மண் அள்ளும் இடமாகவும் விறகு வெட்டும் இடமாகவும் அவற்றைக் கண்டோம். இழந்தபின் காணும் கண், காலந்தாழ்ந்து திறக்கும் கண். அது முன்கூட்டியே திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இவ்வளவு தூரம் பேசினேன்.

தம்பிமாரே, நாளை உங்கள் ஆட்டம் தொடங்குகிறது. கோல் அடிக்கும் பையனைத் தோளில் தூக்குவீர்கள்; தூக்குங்கள், அது அவனுக்கு உரியது. ஆனால் உங்களுடைய அணியில் ‘பேக்’ ஆடுகிற பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய பெயர் நோட்டீஸில் கடைசியில் இருக்கும். ஆட்டம் முடிந்து, எதிரணி ஒரு கோலும் போடாமல் திரும்பும்போது, அவனிடம் போய், “இண்டைக்கு ஒனக்கு வேல இல்லயே” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பருவத்தின் இறுதியில் நீங்கள் வழங்கும் பரிசுகளில், பின்னே நின்றவனுக்கு என்று ஒரு கிண்ணம் இருக்கட்டும். அந்தக் கிண்ணத்துக்கான செலவை நான் தருகிறேன். அதில் யாருடைய பெயரையும் பொறிக்க வேண்டாம். பரண் ஒன்றின் உருவத்தை மட்டும் பொறித்தால் போதும்.